குடும்பத்துக்கு இடமில்லாத விண்ணப்பப் படிவம்: எச்.ஐ.வி. பராமரிப்பு மானியங்களும் தலித் மக்களும்

தேசிய எய்ட்ஸ் மற்றும் பால்வினை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம், 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ரூ.15,471.94 கோடி மதிப்பில் வகுக்கப்பட்டது. முழுவதும் ஒன்றிய அரசின் நிதியில் நடப்பது இது. புதிய தொற்றுகளையும் எய்ட்ஸ் மரணங்களையும் 2010ஆம் ஆண்டின் அளவிலிருந்து 80 விழுக்காடு குறைப்பதும், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவதை ஒழிப்பதும், தொற்றுள்ளோர் மீதான ஒதுக்கலை அகற்றுவதும் அதன் இலக்குகள். ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்தின் விதிகள் எழுதப்படும் காலத்தில்தான் நிதி யாருக்கு, எதன் பெயரில், யார் வழியாகச் செல்லும் என்பது தீர்மானிக்கப்படுகிறது. தீர்மானித்த பிறகு அது பல ஆண்டுகளுக்கு மாறுவதில்லை. தலித் இயக்கங்கள் இந்த விவாதத்துக்குள் நுழைய வேண்டிய தருணம் இது.

எச்.ஐ.வி. பணிக்கான அரசு மானியம் பெற ஒரு தொண்டு நிறுவனம் நிரப்ப வேண்டிய படிவங்களில் இரண்டு சொற்களுக்கு இடமில்லை. ஒன்று குடும்பம், மற்றொன்று சாதி. தனி மனிதர்களின் 'ஆபத்துப் பழக்கம்' என்ன என்பதைப் படிவம் கேட்கிறது. அந்த மனிதர் எந்த வீட்டில் வாழ்கிறார், அவருக்குப் பின் யார் மருந்து வாங்க நடக்கிறார்கள், அந்த வீடு ஊரில் இருக்கிறதா சேரியில் இருக்கிறதா என்று கேட்பதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுத முடியாது. பதில் இல்லாத தேவைக்கு நிதி ஒதுக்கப்படுவதும் இல்லை.

இலக்கு மக்கள் என்னும் வரையறை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களிடம் பெற்ற இரத்த மாதிரிகளில் தொற்று உறுதியானது. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு உருவானது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து தொண்டு நிறுவனங்களுக்கான நிதியின் முதன்மை வடிவம் 'இலக்கு மக்களுக்கான தடுப்புத் திட்டம்' ஆகவே இருந்து வருகிறது. பாலியல் தொழில் புரியும் பெண்கள், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், திருநங்கையர், ஊசிவழிப் போதைப்பொருள் பயன்படுத்துவோர் ஆகியோர் மையக் குழுக்கள். நெடுந்தூர லாரி ஓட்டுநர்களும் புலம்பெயர் தொழிலாளர்களும் இடைப்பட்ட குழுக்கள். ஒரு நிறுவனம் எந்தக் குழுவில் எத்தனை பேரைப் பதிவு செய்கிறது என்பதைப் பொறுத்தே அதன் நிதி கணக்கிடப்படுகிறது.

இந்த முறை வீணானது என்று சொல்வது நியாயமாகாது. தொற்று குவிந்திருந்த இடங்களுக்கு ஆணுறையும் பரிசோதனையும் சென்றதால்தான் பரவல் தணிந்தது. இன்று நாட்டில் வயது வந்தோரிடையே தொற்று விகிதம் ஏறத்தாழ 0.2 விழுக்காடு. பாலியல் தொழிலாளர்களும் திருநங்கையரும் தங்களுக்கென அமைப்புகளைக் கட்டியெழுப்பவும் இந்த நிதி உதவியது. அவர்களுக்கான ஒதுக்கீட்டைக் குறைத்து வேறு எதற்கும் கொடுக்கும்படி கேட்பது ஒடுக்கப்பட்டோரை ஒடுக்கப்பட்டோருக்கு எதிராக நிறுத்துவதாகும்.

ஆனால் தொற்றோடு வாழும் ஏறத்தாழ 25 லட்சம் பேரில் கணிசமானோர் இந்தக் குழுக்கள் எதிலும் அடங்காதவர்கள். கணவரைத் தவிர வேறு எவரோடும் உறவு கொள்ளாத பெண்கள், அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள், பெற்றோர் இறந்தபின் பாட்டியின் பொறுப்பில் வளரும் சிறுவர்கள் ஆகியோர் அவர்கள். திருப்பூருக்கோ மும்பைக்கோ வேலைக்குச் சென்ற கணவர் 'புலம்பெயர் தொழிலாளர்' என்ற தலைப்பில் அங்கே கணக்கில் வருகிறார். ஊரில் இருக்கும் மனைவி 'பொது மக்கள்' ஆகிவிடுகிறார். கருவுற்று நம்பிக்கை மையத்தில் பரிசோதனை செய்யும்வரை திட்டத்தின் கண்ணுக்கு அவர் தென்படுவதில்லை. ஊரகப் பகுதிகளுக்கெனக் கொண்டுவரப்பட்ட இணைப்புப் பணியாளர் திட்டம் இந்த இடைவெளியைச் சிறிது நிரப்பியது. ஆனால் அதன் பணி அடையாளம் காண்பதும் மையத்துக்கு அனுப்புவதுமே. குடும்பத்தைத் தொடர்ந்து தாங்குவது அதன் வரையறைக்குள் இல்லை.

மருந்து இலவசம், மற்றவை?

2004 ஏப்ரல் 1 அன்று எட்டு மையங்களில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை அவற்றுள் ஒன்று. 2006இல் குழந்தைகளுக்கான சிகிச்சை தனித் திட்டமாக வந்தது. 2017 முதல், தொற்று உறுதியானவுடனேயே எவருக்கும் சிகிச்சை என்னும் கொள்கை நடைமுறையில் இருக்கிறது. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு இரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைந்தால், உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. இவை பெரும் சாதனைகள்.

ஆயினும் மருந்து இலவசமாகக் கிடைப்பதும், அது ஒரு குடும்பத்தில் தவறாமல் உட்கொள்ளப்படுவதும் ஒன்றல்ல. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்வோம். பிறந்தவுடன் தடுப்பு மருந்து தரவேண்டும். ஆறாவது வாரத்தில் உலர் இரத்தத்துளிப் பரிசோதனை. பிறகு ஆறாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும் பரிசோதனை. பதினெட்டாவது மாதத்தில் இறுதி உறுதிப்படுத்தல். இதற்கிடையில் தாய்க்கும் தந்தைக்கும் தத்தம் மருந்து நாட்கள், இரத்தப் பரிசோதனை நாட்கள். அவை ஒரே நாளில் அமையாவிட்டால், ஒவ்வொரு நாளும் ஒரு கூலி நாள் போகும். நிலமும் மாதச் சம்பளமும் உள்ள குடும்பத்துக்கு இது ஓர் அசௌகரியம். வயல் கூலியிலோ செங்கல் சூளையிலோ துப்புரவுப் பணி ஒப்பந்தத்திலோ பிழைக்கும் தலித் குடும்பத்துக்கு, மருந்தா அரிசியா என்ற கேள்வி அது.

எச்.ஐ.வி. கிருமி சாதி பார்த்துத் தொற்றுவதில்லை. அப்படிச் சொல்வது தலித் மக்கள் மீது இன்னொரு களங்கத்தைச் சுமத்துவதாகும். நாம் கேட்பது வேறு. தொற்றைத் தாங்கும் வலு சாதிப்படி பங்கிடப்பட்டிருக்கிறது. கூலி இழப்பைத் தாங்கும் சேமிப்பு, இரகசியத்தைக் காக்கும் அளவுக்கு இடைவெளி உள்ள வீடு, மருத்துவரிடம் கேள்வி கேட்கும் துணிவு, மருத்துவமனையில் நமக்குத் தெரிந்த ஒருவர் என இவை அனைத்தும் சாதியின் வழியாகவே கிடைக்கின்றன அல்லது மறுக்கப்படுகின்றன. நெருக்கமான குடியிருப்பில் ஒரு களப்பணியாளர் இரண்டு முறை ஒரே வீட்டு வாசலில் நின்றால் தெரு முழுவதற்கும் செய்தி தெரிந்துவிடும். சேரிக்குள் வந்து ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கும் பணியாளரிடம் எந்தப் பெண்ணும் தன் நோயைப் பற்றி மனம் திறக்க மாட்டாள்.

இதைத் தாங்குவதற்கென இருந்த அமைப்புகள் குறுகின. உள்நோயாளிப் படுக்கைகளோடு தொண்டு நிறுவனங்கள் நடத்திய சமூகப் பராமரிப்பு மையங்கள் மூடப்பட்டு, 2013 முதல் 'விஹான்' திட்டத்தின்கீழ் பராமரிப்பு ஆதரவு மையங்கள் உலகளாவிய நிதியத்தின் பணத்தில் வந்தன. சிகிச்சையை விட்டவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது அவற்றின் தலையாய வேலை ஆனது. பிரிக்கப்படாத ஆந்திரத்தில் 2007இல் தொடங்கிய 'பாலசஹயோகா' குடும்பத்தையே அலகாகக் கொண்டு, குழந்தையின் பரிசோதனை, சத்துணவு, கல்வி, பெற்றோரின் சிகிச்சை ஆகியவற்றை ஒரே கோப்பில் இணைத்தது. வெளிநாட்டு அறக்கட்டளைகளின் நிதியில் நடந்த அது, திட்டக்காலம் முடிந்ததும் முடிந்தது. குடும்பம் சார்ந்த பராமரிப்பு இந்த நாட்டில் பெரும்பாலும் பிறர் பணத்தில், சில ஆண்டுகளுக்கு மட்டும் நடந்த சோதனையாகவே இருந்திருக்கிறது.

சட்டம் குடும்பத்தை அறிந்திருக்கிறது

முரண் என்னவென்றால், நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 'பாதுகாக்கப்பட்ட நபர்' என்பவர் தொற்றுள்ளவர் மட்டுமல்லர். அவரோடு ஒரே வீட்டில் வாழ்பவரும் வாழ்ந்தவரும் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். 15ஆம் பிரிவு, தொற்றுள்ளோரும் தொற்றால் பாதிக்கப்பட்டோரும் நலத்திட்டங்களை அடைய ஒன்றிய, மாநில அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது. 16ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட குழந்தைகளின் சொத்தைப் பாதுகாக்கச் சொல்கிறது. 29ஆம் பிரிவு, பகிர்ந்து வாழும் வீட்டில் குடியிருக்கும் உரிமையை உறுதி செய்கிறது. கணவர் இறந்ததும் வீட்டைவிட்டுத் துரத்தப்படும் பெண்ணுக்கு இது உயிர்நாடியான பிரிவு.

32ஆம் பிரிவு இன்னும் ஆழமானது. தொற்றால் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பொறுப்பைச் சுமக்கும், பன்னிரண்டு வயது நிறைந்து பதினெட்டு நிறையாத, போதிய முதிர்ச்சியுள்ள ஒருவர், தம் தம்பி தங்கையரின் பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு போன்றவற்றுக்குக் காப்பாளராகச் செயல்படலாம். பெற்றோரை இழந்த வீட்டில் பதினான்கு வயது அக்காளே தாயாக இருக்கும் உண்மையைச் சட்டம் கண்டுகொண்டது. ஆனால் அந்த அக்காளின் குடும்பத்தைத் தாங்க ஒரு நிறுவனம் நிதி கேட்டு விண்ணப்பித்தால், எந்தத் தலைப்பின்கீழ் அவளை எழுதுவது? சட்டம் அவளைக் காப்பாளர் என்கிறது. மானியத்தின் கணக்கில் அவள் எங்கும் இல்லை.

வடிகட்டும் நிபந்தனைகள்

விண்ணப்ப நடைமுறையையும் பார்க்க வேண்டும். நாளிதழ் அறிவிப்பு வருகிறது. சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு பெற்ற சான்று, சில ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள், நிதி ஆயோக்கின் 'தர்ப்பண்' தளத்தில் பதிவு எண், வருமான வரிச் சான்றுகள், முன் அனுபவத்துக்கான ஆவணங்கள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். ஆவணங்கள் முதற்கட்டத்தில் சலிக்கப்படுகின்றன. பிறகு கூட்டு மதிப்பீட்டுக் குழு அலுவலகத்துக்கு நேரில் வந்து பார்க்கிறது. ஒப்பந்தம் ஆனபின் பணம் தவணைகளில் வருகிறது. முன்தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தந்தால்தான் பின்தவணை. தவணை தாமதமாகும் மாதங்களில் பணியாளர் ஊதியத்தை நிறுவனமே சமாளிக்க வேண்டும்.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் தனித்தனியே நியாயம் உண்டு. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் எல்லாம் சேர்ந்து எத்தகைய நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கின்றன? சொந்தக் கட்டடமும், பட்டயக் கணக்காளரும், ஆங்கிலத்தில் முன்மொழிவு எழுதுபவரும், ஆறு மாதம் சம்பளம் கொடுக்கும் கையிருப்பும் உள்ள நிறுவனத்தை. அருந்ததியர் குடியிருப்பில் பத்தாண்டுகளாகப் பெண்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகளிர் சங்கத்தை அல்ல. அத்தகைய சங்கங்கள் முன்பு பெரிய நிறுவனங்களிடம் துணை மானியம் பெற்று இயங்கின. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம், வெளிநாட்டு நிதியை ஒரு நிறுவனம் இன்னொன்றுக்குக் கைமாற்றுவதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, ஐதராபாத்தில் மாற்றுப் பாலினத்தவருக்கென இயங்கிய 'மித்ர்' சிகிச்சை மையம் மூட நேர்ந்தது. வெளியிலிருந்து வரும் வழிகள் அடைபடும்போது, சொந்த அரசின் மானியமே மிஞ்சும் ஒரே வழி. அந்த வழியின் வாசல்தான் மிகக் குறுகலாக இருக்கிறது.

தரவு இல்லையெனில் தேவை இல்லை

எந்த மானிய விண்ணப்பத்திலும் முதல் பகுதி, தேவையை நிறுவுவது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகள் மாநிலம், வயது, பாலினம், இலக்குக் குழு எனப் பிரித்து எண்களைத் தருகின்றன. சாதிவாரி எண்கள் அவற்றில் இல்லை. சிகிச்சையை இடையில் விட்டவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், உரிய காலத்தில் பரிசோதனை செய்யப்படாத குழந்தைகளில் எத்தனை பேர் பட்டியல் சாதிக் குடும்பங்களில் பிறந்தவர்கள் என்று ஒரு தலித் அமைப்பு தன் விண்ணப்பத்தில் எழுத விரும்பினால், மேற்கோள் காட்ட ஓர் அரசு ஆவணம் கிடைப்பதில்லை.

அமெரிக்காவின் அனுபவம் இங்கே ஒப்பிடத்தக்கது. 1990இல் அங்கே இயற்றப்பட்ட ரயன் வைட் சட்டம், எய்ட்ஸ் காரணமாகப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டு அதே ஆண்டு மறைந்த ஒரு பதின்வயதுச் சிறுவனின் பெயரைத் தாங்கியது. அதன் 'டி' பகுதி, பெண்கள், கைக்குழந்தைகள், சிறுவர், இளையோர் ஆகியோருக்குக் குடும்பம் சார்ந்த பராமரிப்பு வழங்குவதற்கென்றே உள்ள மானியம். குடும்பம் சார்ந்த பராமரிப்பு என்பது பெற்றோர், மருத்துவத் துறையினர், சமூகம் ஆகிய மூன்று தரப்பின் கூட்டாண்மை என்று சட்டமே வரையறுக்கிறது. உள்ளூர் மருத்துவ மையங்கள் நேரடியாக ஒன்றிய அரசிடம் விண்ணப்பிக்கின்றன. தொற்று இல்லாத குடும்ப உறுப்பினருக்கான சில ஆதரவுச் சேவைகளுக்கும் அதில் இடமுண்டு.

அங்கே மானியம் பெற்ற ஒவ்வொரு மையமும், சேவை பெறுவோரின் இனவாரித் தரவை ஆண்டுதோறும் பெயரின்றித் தர வேண்டும். மக்கள் தொகையில் ஏறத்தாழ 13 விழுக்காடாக உள்ள கறுப்பின மக்கள் தொற்றுள்ளோரில் ஏறத்தாழ 40 விழுக்காடு என்பது அத்தகைய தரவு வழியாகவே மறுக்க முடியாத உண்மையானது. 1998இல் காங்கிரஸின் கறுப்பின உறுப்பினர் குழு அந்த எண்களைக் கையிலெடுத்துப் போராடியதன் விளைவே சிறுபான்மையினர் எய்ட்ஸ் முன்முயற்சிக்கான தனி ஒதுக்கீடு. அந்த நாட்டின் மருத்துவ அமைப்பு நீதியானது என்று இதற்குப் பொருளில்லை. 'டி' பகுதியை வேறொரு பகுதியோடு கரைத்துவிட 2010களில் வெள்ளை மாளிகையே வரவு செலவு முன்மொழிவுகளில் பலமுறை முயன்றது. தனித் தலைப்பு ஒன்று கிடைத்த பிறகும் அதைக் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் காத்து நிற்பதற்கு ஒரு தலைப்பும், ஏந்திப் பேசுவதற்கு ஓர் எண்ணும் அவர்களிடம் இருந்தன.

சாதியைக் கேட்பது ஆபத்தானதல்லவா என்ற கேள்வி எழும். எழவும் வேண்டும். சிகிச்சை அட்டையில் சாதி எழுதப்பட்டால், மருந்து கொடுக்கும் கை தயங்கும் சாத்தியம் இந்த நாட்டில் உண்மையானது. எனவே தரவு விருப்பத்தின் பேரில் மட்டும் பெறப்பட வேண்டும். அட்டையில் இடம்பெறக் கூடாது. தனியாகக் காக்கப்பட்டு மாவட்ட அளவிலான தொகுப்பாக மட்டும் வெளியிடப்பட வேண்டும். தொற்று நிலை குறித்த தகவலைப் பாதுகாக்கும் கடமையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே நிறுவனங்கள் மீது சுமத்தியிருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வின் மூன்றாம், நான்காம் சுற்றுகளில் எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனையும் சாதி விவரமும் ஒரே ஆய்வில் பெயரின்றித் திரட்டப்பட்டன. செய்ய முடியாத காரியமல்ல இது.

பணம் இருக்கிறது

1979 முதல் சிறப்புக் கூறுத் திட்டமாகவும், பின்னர் துணைத் திட்டமாகவும், இன்று மேம்பாட்டுச் செயல்திட்டமாகவும் பெயர் மாறி வரும் ஒதுக்கீடு, பட்டியல் சாதியினருக்கென ஒவ்வொரு துறையும் பிரித்து வைக்க வேண்டிய பணம். 789 என்னும் கணக்குத் தலைப்பில் அது காட்டப்படுகிறது. பொதுத்திட்டத்தின் செலவில் ஒரு பங்கை அந்தத் தலைப்பில் எழுதிவிட்டு, தலித் மக்களுக்குச் செலவழித்ததாகக் கணக்குக் காட்டும் வழக்கத்தை நாம் நெடுங்காலமாக எதிர்த்து வருகிறோம். ஆந்திரமும் கருநாடகமும் 2013இல் இதற்குத் தனிச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் 2024இல்தான் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் நிறைவேறியது. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள் தொகையில் 20.01 விழுக்காடு பட்டியல் சாதியினர், 1.10 விழுக்காடு பழங்குடியினர். அந்த விகிதத்தில் நிதி ஒதுக்க வேண்டியது இன்று சட்டக் கடமை.

மக்கள் நல்வாழ்வுத் துறையின் பங்கில் எச்.ஐ.வி. தொற்றுள்ள தலித் குடும்பங்களுக்கான பராமரிப்பு ஒரு தனிக் கூறாக ஏன் இருக்கக்கூடாது? ஒரு முன்னுதாரணமும் நம்மிடம் உண்டு. 2009இல் தமிழ்நாடு அரசு ரூ.5 கோடி வைப்புநிதியோடு, எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான அறக்கட்டளையை உருவாக்கியது. வைப்புநிதியின் வட்டியிலிருந்து குழந்தைகளின் சத்துணவுக்கும் கல்விக்கும் உதவி வழங்கும் ஏற்பாடு அது. குழந்தையைக் கண்டுகொண்ட அரசு, அந்தக் குழந்தையை வளர்க்கும் தாயையும் பாட்டியையும் கண்டுகொள்ள வேண்டிய அடுத்த படிதான் மீதமிருக்கிறது.

இரு துறைகளின் நிதியை இணைக்க முயலும் அமைப்புகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே நோக்கத்துக்கு வேறு அமைச்சகத்திடமோ துறையிடமோ மானியம் பெறவில்லை, கேட்கவும் இல்லை என்று உறுதி அளிக்கும்படி ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள் கோருகின்றன. ஆகவே எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் நிதியில் பரிசோதனையும் சிகிச்சைத் தொடர்பும், செயல்திட்ட நிதியில் பயணப்படி, சத்துணவு, கல்வி, சட்ட உதவி எனப் பணிகளைத் தொடக்கத்திலேயே தெளிவாகப் பிரித்து எழுத வேண்டும். தனித்தனி வங்கிக் கணக்கும் பேரேடும் வைக்க வேண்டும். நல்ல நோக்கத்தோடு செய்த கலப்புச் செலவு தணிக்கையில் சிக்கினால், அடுத்த விண்ணப்பத்தின் கதவு மூடிவிடும்.

ஒரு நல்ல விண்ணப்பம் எதைக் கேட்க வேண்டும்

முதலாவது, குடும்பம் யார் என்பதைத் தொற்றுள்ளவரே சொல்ல வேண்டும். சாதியையும் ஆணாதிக்கத்தையும் காத்துவரும் நிறுவனமாகவும் குடும்பம் இருப்பதை நாம் மறக்க முடியாது. மகனின் மரணத்துக்கு மருமகளைக் குற்றம் சாட்டும் வீட்டை அவளுடைய குடும்பம் என்று படிவம் தீர்மானிக்கக் கூடாது. திருவள்ளூர், வேலூர் பகுதிகளிலும் சித்தூரிலும் அருந்ததியர் சிறுமிகளை மாத்தம்மாவாகப் பொட்டுக்கட்டும் வழக்கம் குறித்து 2017இல் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழ்நாடு, ஆந்திர அரசுகளுக்கு அறிவிக்கை அனுப்பியது. அத்தகைய பெண்களின் பிள்ளைகளிடம் தந்தை பெயர் கேட்கும் படிவம், முதல் வரியிலேயே அவர்களை வெளியேற்றுகிறது. தாயும் பிள்ளையும், பாட்டியும் பேரனும், அக்காளும் தம்பியும், திருநங்கையும் அவர் வளர்க்கும் மகளும் குடும்பங்களே.

இரண்டாவது, முன்னேற்றத்தை அளக்கும் அலகு குடும்பமாக இருக்க வேண்டும். ஒருவருக்குத் தொற்று உறுதியானபின் அவருடைய ஒப்புதலோடு துணையும் பிள்ளைகளும் பரிசோதிக்கப்பட்டார்களா, குழந்தையின் நான்கு பரிசோதனைகளும் முடிந்தனவா, எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து கிடைக்கிறதா, வளரிளம் பருவத்தினருக்கு அவர்களுடைய தொற்று நிலை தக்க முறையில் எடுத்துச் சொல்லப்பட்டதா, பள்ளி இடைநின்றதா என்பன எண்ணிக் காட்டத்தக்கவை. எத்தனை பேரைச் சந்தித்தோம் என்ற எண்ணிக்கை இவற்றுக்கு ஈடாகாது.

மூன்றாவது, செலவுத் தலைப்புகள் வாழ்வை ஒட்டி இருக்க வேண்டும். பேருந்துக் கட்டணமும் இழந்த கூலிக்கான ஈடும் 'இதர செலவு' அல்ல, சிகிச்சையின் பகுதி. தொற்றோடு வாழும் தலித் பெண்களை உரிய ஊதியத்தோடு களப்பணியாளர்களாக அமர்த்த வேண்டும். மதிப்பூதியம் என்ற பெயரில் அவர்களுடைய உழைப்பை மலிவாக வாங்கும் வழக்கத்தை நம் அமைப்புகளாவது கைவிட வேண்டும்.

நான்காவது, உரிமைக்கான செலவு. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் மருத்துவ நிறுவனங்களில் புகார் அலுவலர் இருக்க வேண்டும்; மாநிலங்களில் குறைதீர்ப்பாளர் அமர்த்தப்பட வேண்டும். மருத்துவமனையில் ஒதுக்கப்பட்டால் எங்கே முறையிடுவது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டும். ஒதுக்கல் சாதியின் பெயராலும் நடந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உண்டு. இந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்துக் கையாளத் தெரிந்த வழக்கறிஞருக்கான செலவை விண்ணப்பத்தில் எழுதத் தயங்கக் கூடாது.

அடுத்த கட்டத்துக்கான கோரிக்கைகள்

அமைப்புகள் திறமையாக விண்ணப்பிப்பதால் மட்டும் இது தீராது. படிவமே மாற வேண்டும். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் அடுத்த கட்டத்தில், இலக்கு மக்களுக்கான நிதியைத் தொடாமல், குடும்பம் சார்ந்த பராமரிப்புக்கெனத் தனி மானியத் தலைப்பு உருவாக்கப்பட வேண்டும். தலித், பழங்குடி மக்கள் தலைமையிலான சிறு அமைப்புகளுக்கு அனுபவ ஆண்டு, கையிருப்பு நிபந்தனைகளைத் தளர்த்தி, முதல் தவணையை முன்கூட்டியே வழங்கி, கணக்குப் பராமரிப்பில் அரசே பயிற்சி தர வேண்டும். விண்ணப்பம் தமிழில் ஏற்கப்பட வேண்டும். தேர்வுக் குழுவில் தொற்றுள்ள தலித் பெண்களின் பிரதிநிதி இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நல்வாழ்வுத் துறை தயாரிக்கும் செயல்திட்டத்தில் இதற்கான தொகை வெளிப்படையாகக் காட்டப்பட வேண்டும். பெயரற்ற சாதிவாரித் தொகுப்புத் தரவு ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. பாதிக்கப்பட்ட குடும்பம் யார் என்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. பணத்தை எந்த விகிதத்தில் ஒதுக்க வேண்டும் என்பதை 2024ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. இரண்டையும் ஒரே விண்ணப்பப் படிவத்தில் கொண்டுவருவது நிர்வாக உத்தரவால் ஆகக்கூடிய வேலை. அந்த உத்தரவைக் கேட்டு வாங்கும் பொறுப்பு, எச்.ஐ.வி.யை மருத்துவத் துறையின் விவகாரமாக விட்டுவைத்திருக்கும் தலித் இயக்கங்களுக்கும், சாதியைத் தம் விவகாரமாகக் கருதாத எச்.ஐ.வி. அமைப்புகளுக்கும் சமமாகவே உண்டு.